காருக்குள் பாட்டைக் கொண்டுவந்த போல் கல்வின்

காரில் பாட்டின் சத்தத்தைக் கூட்டும்போது முன்விளக்குகள் மங்கித் துடிப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். பெரிய அம்பிளிஃபையரும் சப்வூஃபரும் வாங்கிப் பூட்டியவர்களுக்கு இது பழகிய தொல்லை. ஒலிக் கருவிக்குத் தேவையான மின்சாரம் காரில் எங்கிருந்து வரும் என்பதே இங்குள்ள சிக்கல். ஏறத்தாழ நூறு வருடங்களுக்கு முன்னர் இதே சிக்கலோடு மல்லுக்கட்டி, மோட்டோரோலா என்ற பெயரை உலகுக்குத் தந்தவர் போல் கல்வின்.

1895 ஜூன் 29 இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஹார்வர்ட் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது, ஊரில் தரிக்கும் புகையிரதங்களின் பயணிகளுக்குச் சோளப்பொரி விற்றார். பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு, முதலாம் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றினார். போர் முடிந்து திரும்பியதும் சிக்காகோவில் பற்றரி தயாரிக்கும் நிறுவனமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

1921 இல் நண்பர் எட்வர்ட் ஸ்டுவர்ட்டுடன் சேர்ந்து விஸ்கொன்சினில் சொந்தமாகப் பற்றரித் தொழிற்சாலை தொடங்கினார். இரண்டே வருடங்களில் அது மூடப்பட்டது. பின்னர் சிக்காகோவில் இருவரும் எடுத்த இரண்டாவது முயற்சியும் 1928 இல் கடனில் மூழ்கியது.

ஆனால் அந்த நிறுவனத்திடம் ஒரு நல்ல பொருள் இருந்தது. அக்கால வானொலிப் பெட்டிகள் பற்றரியில் இயங்கின. அவற்றை வீட்டு மின்சாரத்தில் இயங்கச் செய்யும் ஒரு சாதனத்தை அவர்கள் தயாரித்து வந்தனர். ஏலத்துக்கு வந்த அந்தப் பிரிவைக் கல்வினும் அவரது சகோதரர் ஜோசப்பும் 750 டொலருக்கு மீட்டெடுத்தனர். 1928 செப்டெம்பர் 25 இல் கல்வின் உற்பத்தி நிறுவனம் பிறந்தது. அப்போது கையிலிருந்தது 565 டொலர். தொழிலாளர்கள் ஐந்து பேர்.

அடுத்த ஆண்டே பங்குச் சந்தை சரிந்தது. நேரடியாக வீட்டு மின்சாரத்தில் இயங்கும் வானொலிகளும் கடைகளுக்கு வந்துவிட்டதால் அவர்களது சாதனத்துக்குத் தேவை குறைந்தது. மூன்றாவது தடவையும் விழுந்தால் எழும்ப வழியில்லை என்ற நிலையில், கல்வினின் பார்வை கார்களின் பக்கம் திரும்பியது. காருக்குள் வானொலி அப்போது புதுமையல்ல. வசதி படைத்த சிலர் பெருஞ்செலவில் பூட்டியிருந்தனர். சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் அது கிடைக்கவில்லை.

காரின் பற்றரி 6 வோல்ட் மட்டுமே. வானொலியின் வால்வுகளைச் சூடாக்க அது போதும். ஒலி பிறக்க வேண்டுமானால் அதே வால்வுகளுக்கு 100 வோல்ட்டுக்கும் மேல் தேவை. அதற்காகக் காரின் தரைப் பலகைக்கு அடியில் தனியாக உலர் பற்றரிகளை அடுக்கினார்கள். அவை தீரத் தீரப் புதிது வாங்க வேண்டும். போதாததற்கு, இயந்திரத்தின் தீப்பொறிகள் எழுப்பும் இரைச்சல் பாட்டை விழுங்கியது. எல்மர் வேவரிங், பின்னாளில் லியர்ஜெட் விமானங்களால் புகழ்பெற்ற வில்லியம் லியர் ஆகிய இளைஞர்கள் இந்தச் சிக்கல்களைத் தீர்க்க உழைத்தனர்.

1930 ஜூனில் அட்லாண்டிக் சிட்டியில் வானொலி உற்பத்தியாளர் மாநாடு நடந்தது. அங்கே கண்காட்சிக் கூடம் எடுக்கக் கல்வினிடம் வசதியில்லை. வானொலி பூட்டிய தன் காரில் மனைவி லில்லியனுடன் சிக்காகோவிலிருந்து 1,200 கிலோமீற்றருக்கு மேல் ஓடிச் சென்று, மண்டபத்துக்கு வெளியே காரை நிறுத்திப் பாட்டை ஒலிக்க விட்டார். போவோர் வருவோர் நின்று கேட்டனர், ஓடர்களும் கிடைத்தன. மோட்டார் வண்டியையும் அக்காலத்தில் பிரபலமான விக்ரோலா இசைப்பெட்டியின் பெயரையும் நினைவூட்டும் விதமாக மோட்டோரோலா என்ற பெயரைச் சூட்டினார். அந்த ஆண்டு நட்டத்திலேயே முடிந்தாலும் நிறுவனம் தப்பிப் பிழைத்தது.

1930களின் தொடக்கத்தில் வைப்ரேட்டர் என்ற சிறு பாகம் வந்தது. பற்றரியின் மின்னோட்டத்தை அது விட்டுவிட்டுத் துண்டிக்க, மின்மாற்றி அதை உயர் வோல்ட்டாக்கியது. தனிப் பற்றரிகளுக்கு வேலையில்லாமல் போனது. பொலிஸ் வானொலி, இரண்டாம் உலகப் போரில் இராணுவத்தின் கைப்பேச்சுக் கருவி என்று நிறுவனம் வளர்ந்து, 1947 இல் மோட்டோரோலா என்றே பெயர் மாற்றிக்கொண்டது. 1959 நவம்பர் 5 இல் கல்வின் காலமானார்.

இன்றைய கார் அம்பிளிஃபையரின் உள்ளேயும் 12 வோல்ட்டை உயர்த்தும் சுற்று உண்டு. அதன் வேகம் பன்மடங்கு அதிகம், அடிப்படை அதேதான். ஆனால் 1,000 வாட்ஸுக்கு, இழப்பே இல்லை என்று வைத்தாலும், 12 வோல்ட்டில் 83 அம்பியர் வேண்டும். சிறிய கார்கள் பலவற்றின் ஓல்டர்நேட்டர் தருவதே 60 முதல் 90 அம்பியர் வரைதான். அதிலிருந்துதான் விளக்குக்கும் இயந்திரத்துக்கும் பங்கு போக வேண்டும். பற்றரி மின்சாரத்தைச் சேமித்துத் தருமே தவிர, உற்பத்தி செய்யாது. ஆகவே அம்பிளிஃபையர் வாங்குமுன் ஓல்டர்நேட்டரின் அளவைப் பாருங்கள். தடித்த வயரைப் போட்டு, பற்றரிக்கு அருகிலேயே ஃபியூஸ் பூட்டுங்கள். மெல்லிய வயர் சூடேறித் தீப்பிடித்தால் பாட்டோடு காரும் போய்விடும்.