டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் நெடுஞ்சாலையில் முண்டியம்பாக்கம் என்ற ஊர் உண்டு. அங்கே 2010-ஆம் ஆண்டு முதல் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஒன்று நடந்து வருகிறது. வெள்ளைக் கோட்டணிந்த நம் வீட்டுப் பெண்கள் அதன் வாயிலில் கூட்டமாகச் செல்வது இன்று எவருக்கும் வியப்பளிப்பதில்லை. அதே சாலையின் மறுகோடியில், நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன், ஒரே இரவில் மூன்று வீடுகளில் நேர்ந்த சாவுகளைப் பற்றி நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஐடா ஸோபியா ஸ்கடர் 1870 டிசம்பர் 9-ந் தேதி இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் 1819-ல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணத்திற்குக் கப்பலேறிய வைத்தியர். தகப்பனாரும் ஆற்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர். தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாய் நின்ற குழந்தைகளுக்குத் தம் சிறு கைகளால் ரொட்டி ஊட்டிய ஐடாவுக்கு இந்நாட்டின்மீது அன்பு பிறக்கவில்லை, அச்சமே பிறந்தது. அமெரிக்கா சென்று படித்தபின், குடும்பத் தொழில் தமக்கு வேண்டாம், இந்தியாவும் வேண்டாம் என்றே தீர்மானித்திருந்தார். 1890-ல் தாயாருக்கு நோய் கண்டதால் திண்டிவனத்திற்கு வந்தவர், சில காலம் தங்கித் திரும்பிவிடும் எண்ணத்துடனேயே வந்தார்.

அப்படித் தங்கியிருந்தபோது ஓரிரவு கதவு தட்டப்பட்டது. வந்தவர் ஒரு பிராமண இளைஞர். மனைவி பிரசவ வேதனையில் இருப்பதாகவும், உடனே வந்து உதவ வேண்டுமென்றும் ஐடாவை வேண்டினார். தமக்கு வைத்தியம் தெரியாது, தந்தையார் டாக்டர், அவரை அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் அந்தப்புரத்தில் நுழைவதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லி இளைஞர் திரும்பிச் சென்றார். சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் கனவான் அதே வேண்டுகோளுடன் வந்து, அவ்வாறே திரும்பினார். மூன்றாவதாக வந்தவர் மற்றொரு ஹிந்து, முடிவு வேறாகவில்லை. விடியற்காலையில் சாப்பறை கேட்டது. மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

அந்த மூன்று கணவர்களையும் எளிதில் இகழ்ந்துவிடலாம். ஆயின் மனைவியைக் காக்க நள்ளிரவில் அந்நியர் வீட்டு வாயிலில் வந்து நின்றவர்கள் அவர்கள் என்பதை மறத்தலாகாது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களுக்குக் கதவைத் திறந்திருந்தது. ஆனால் அங்கே கற்றுத் தேறிய ஒருத்தியேனும் அன்றிரவு திண்டிவனத்தில் அவர்கள் கூப்பிடும் தூரத்தில் இல்லை. நம்மைப் போன்ற வக்கீல்களுக்கு அக்காலத்திலும் பஞ்சம் இருந்திராது!

ஐடா அமெரிக்கா திரும்பினார், வைத்தியம் கற்பதற்காக. பிலடெல்பியாவிலும் பின்னர் நியூயார்க்கிலுள்ள கார்னெல் மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, 1899-ல் பட்டம் பெற்றார். ஷெல் என்ற செல்வர் காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக அளித்த பதினாயிரம் டாலருடன் 1900-ல் வேலூரை அடைந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். வழிகாட்ட மூத்த வைத்தியர் இன்றித் தனியே நின்ற அம்மையார், முதல் இரண்டாண்டுகளில் ஐயாயிரம் நோயாளிகளைப் பார்த்தார். 1902-ல் நாற்பது படுக்கைகளுடன் வைத்தியசாலை எழுந்தது. வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் வண்டியை நிறுத்தி மரத்தடியில் மருந்து கொடுப்பதும் பின்னர் வழக்கமாயிற்று.

இத்துடன் நின்றிருந்தால் அவரை நல்ல டாக்டர் என்று சொல்லி நாம் முடித்துக்கொள்ளலாம். ஒரு ஜில்லா முழுவதற்கும் ஒருத்தியின் இரண்டு கைகள் போதா என்று கண்டதே அவருடைய பெருமை. சலோமி என்ற தமிழ் மாதைப் பக்கத்தில் வைத்துப் பழக்கியதில் தொடங்கி, 1909-ல் தாதிகளுக்கென்று ஒரு பள்ளியை நிறுவினார். தாதித் தொழில் என்றால் நம்மவர் முகஞ்சுளித்த காலம் அது. வேற்றுச் சாதியாரின் புண்ணைத் துடைப்பதும் மலசலம் எடுப்பதும் கௌரவக் குடும்பத்துப் பெண்ணுக்கு அடுக்குமா என்று கேட்டவர்கள், தங்களுக்கு நோய் வந்தபோது அந்தக் கைகளையே நாடினர்.

1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. விண்ணப்பித்துப் படிக்க முன்வருவோர் மூவர் கிடைத்தாலே அதிகம் என்பது ஸர்க்காரின் தலைமை மருத்துவ அதிகாரியின் மதிப்பு. வந்த விண்ணப்பங்களோ இருந்த இடங்களினும் பன்மடங்கு. அவர்களுள் பதினான்கு பேர் 1922-ல் எல். எம். பி. தேறினர். நம் பெண்களின் ஆற்றலை அந்த அதிகாரி அறியவில்லை. உண்மையைச் சொன்னால் நாமும் அறிந்திருக்கவில்லை. காந்தியடிகளும் அப்பள்ளிக்கு வந்து பார்த்துச் சென்றார்.

முப்பதுகளின் பிற்பகுதியில் பெருஞ்சோதனை வந்தது. இனி எல். எம். பி. போதாது, சர்வகலாசாலைப் பட்டமே வேண்டும் என்று சென்னை ஸர்க்கார் விதித்தது. உயர்பட்டம் பெற்ற ஆசிரியர்கள், அதிகப் படுக்கைகள், சோதனைச்சாலைகள் இவையெல்லாம் இல்லாவிடின் பள்ளியை மூட வேண்டியதுதான். எழுபது வயது கடந்த அம்மையார் 1941-ல் அமெரிக்கா சென்று ஊர் ஊராய் நிதி திரட்டினார். ஆடவரையும் சேர்த்தாலன்றிப் பள்ளி பிழைக்காது என்ற நிலை வந்தபோது, பெண்களுக்கென்றே பணம் கொடுத்த நெடுநாளைய தோழியர் சிலர் அவரை விட்டுப் பிரிந்தனர். மனம் நொந்தும் அவர் இணங்கினார். 1942-ல் எம். பி. பி. எஸ். வகுப்பு தொடங்கிற்று, 1947-ல் ஆடவர் சேர்ந்தனர். இதற்கிடையே 1946-ல் தாதிப் பள்ளி பட்டக் கல்லூரியாயிற்று.

ஸர்க்கார் செய்தது சரியா? நாட்டுப்புறத்து ஏழைக்கு அரைகுறைப் படிப்புப் படித்த வைத்தியர் போதும் என்பதை நாம் ஒருக்காலும் ஒப்போம். எனினும் குறுகிய படிப்பை ஒழித்தால் கிராமத்திற்கு வைத்தியரே கிடையாது என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியவில்லை. 1946-ல் போர் கமிட்டியார் ஒரே தரமான பட்டப்படிப்பைச் சிபார்சு செய்தபோது, அக்கமிட்டியினர் சிலரே மாறுபட்டு எழுதினர். இன்றும் எம். பி. பி. எஸ்.ஸுக்கு நாலரை ஆண்டும், அதன்மேல் ஓராண்டு பயிற்சியும் வேண்டும். தாதிப் பட்டத்திற்கு நான்காண்டு. படித்தவர்களோ பட்டணத்தையும் கடல் கடந்த தேசங்களையும் நாடுகிறார்கள். நள்ளிரவில் கிராமத்துக் கர்ப்பிணிக்கு அருகில் இருப்பவள் பெரும்பாலும் கிராம சுகாதாரச் செவிலியே. அவளுக்குக் கொடுக்கும் பயிற்சியையும் ஊதியத்தையும் கணக்கிடுவோர் திண்டிவனத்து வீடுகள் மூன்றையும் நினைத்துக் கணக்கிடட்டும்.

ஐடா அம்மையார் மணம் புரிந்துகொள்ளவில்லை. 1946-ல் தலைமையை விட்டு விலகினார். சில காலத்திற்குள் இந்தியப் பெண்மணியாகிய டாக்டர் ஹில்டா லாசரஸ் அப்பொறுப்பை ஏற்றார்.  1960 மே 24-ந் தேதி, தமது எண்பத்தொன்பதாம் வயதில், அம்மையார் கொடைக்கானலில் காலமானார்.