டாக்டர் எல்லாப்பிரகட சுப்பராவ்

குடல் நோயும் தோல் நோயும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்பது நம்மவருட் பலர் எண்ணம். தோல் பதனிடுதலைச் சீவனமாகக் கொண்ட ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களில் ஒருவர் மேனியிற் செதிலுதிரும் படை தோன்றின், பதனிடும் மருந்துகளே காரணமென்று கூறிவிடுகின்றோம். அவர் வயிற்றைப் பற்றி வினவுவோமில்லை. குடல் நோயால் வருந்தி, அவ்வருத்தத்தினின்றே இருவகை நோய்க்கும் மருந்து பிறக்க வழிசெய்த பெரியார் ஒருவரின் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

சுப்பராவ் 1895-ஆம் ஆண்டு ஆந்திர நாட்டுப் பீமவரத்திற் பிறந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற காலத்துக் கதராடை அணிந்தமையால் ஆங்கில ஆசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, உரிய பட்டத்தினும் தாழ்ந்ததையே பெற்றார். அந்நாளிற் 'ஸ்புரூ' என்னும் கொடிய பேதிநோய்க்கு உடன்பிறந்தாரைப் பறிகொடுத்தார். தாமும் அதனால் நலிந்து, ஆசந்த லட்சுமிபதி என்னும் ஆயுர்வேத வைத்தியரின் சிகிச்சையால் உய்ந்தார். அந்நோயை வெல்லும் வேட்கையே அவரை அமெரிக்காவிற்கு ஈர்த்தது எனலாம்.

ஹார்வர்டிற் பல்லாண்டு உழைத்தபின், 1940-இல் லெடர்லி ஆராய்ச்சிசாலையிற் சேர்ந்தார். 1945-இல் அவர்தம் குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். அது ஸ்புரூ நோயாளர்க்கு மருந்தாயிற்று. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் வேலூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் அந்நோய் கொள்ளை நோயாய்ப் பரவியதும், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் அதனை ஆராய்ந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கன.

நிற்க. அவ்வமிலத்தின் வடிவை ஒத்து, அதன் தொழிலைத் தடுக்கும் அமினாப்டெரின், மெதோட்ரெக்சேட் என்பவற்றையும் அக்குழுவினரே ஆக்கினர். 1947-இல் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகட்கு அமினாப்டெரின் அளிக்கப்பட்டது. மறு ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், ஐம்பத்து மூன்றாம் வயதிற் சுப்பராவ் நியூயார்க்கில் மறைந்தார்.

அவர் காணாது போனதொன்று உண்டு. 1951-இல் மூட்டுவாதத்திற்கு அமினாப்டெரின் கொடுத்த வைத்தியர்கள், நோயாளியின் சொரியாசிஸ் என்னும் செதிற்படையும் மறைதலைக் கண்டனர். மெதோட்ரெக்சேட்டோ 1995-இல் வெளியான ஆராய்ச்சியாற் குடலைப் புண்படுத்தும் குரோன் நோய்க்கும் ஏற்றதெனத் தெளிவாயிற்று.

ஒரு மருந்து இரு நோயைத் தணிப்பானேன்? இவ்விரண்டிலும் உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே நெறி தவறி உடலைத் தாக்குகின்றது. குரோன் நோயுற்றார்க்குச் செதிற்படை பிறரினும் மிகுதியாய் வருகின்றது. இரண்டிற்கும் பொதுவான மரபுக்கூறுகள் சிலவும் கண்டறியப்பட்டுள்ளன. இம்மருந்தை உண்போர்க்கு அதன் தீங்கைக் குறைக்கப் போலிக் அமிலமும் உடன் தரப்படுகின்றது. ஒருவர் கூடத்திற் பிறந்த இரு பொருளும் ஓருடலிற் சேர்ந்து தொழில் செய்தல் வியப்பன்றோ!

ஆதலின், படையும் நாட்பட்ட பேதியும் ஒருங்கே உடையார் இரண்டனையும் வைத்தியரிடம் கூறுக. ஒன்றை மறைப்பின் மற்றதன் காரணமும் மறைந்து நிற்கும்.