டன்லப் என்னும் மிருக வைத்தியர்

நாம் நாள்தோறும் கையாளும் பொருள்கள் சிலவற்றுக்கு அவற்றைக் கண்டவர் பெயரே வழங்கி வருகின்றது. ஆயினும் பெயரை அறிந்தோர் யாவரும் அப்பெயருக்குரியாரை அறிந்தவர் அல்லர். டன்லப் என்னும் சொல்லைச் சைக்கிள் சக்கரத்திலும் மோட்டார் சக்கரத்திலும் வாசித்தோர் நம் நாட்டில் எத்தனையோ பேர். சென்னைக்கு அணித்தான அம்பத்தூரிலும், வங்காளத்துச் சாகஞ்சிலும் அப்பெயர் தாங்கிய தொழிற்சாலைகள் பல்லாண்டு நடைபெற்றுப் பின்னர் ஓய்ந்தன. ஆனால் அப்பெயரை முதலில் உடையவர் பெருஞ்செல்வரும் அல்லர். யந்திரக் கலை பயின்றவரும் அல்லர். குதிரைக்கும் பசுவுக்கும் பிணி தீர்த்து வாழ்ந்த ஒரு மிருக வைத்தியர் அவர். அவர் சரிதத்தைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸ்காத்லாந்து தேசத்து ஏர்ஷயர் பகுதியில் டிரெக்கார்ன் என்னும் ஊர் உண்டு. அங்கே ஓர் உழவர் குடும்பத்தில் 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 5-ஆம் நாள் ஜான் பாய்ட் டன்லப் பிறந்தார். மாதம் நிரம்புமுன் இரண்டு திங்கள் முந்திப் பிறந்த குழந்தை என்று பெற்றோர் சொல்லி வந்தமையால், தம் உடல் நொய்ம்மையானது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் இளமையிலேயே வேரூன்றியது. வாழ்நாள் முழுதும் அவ்வெண்ணத்துக்கேற்ப அடங்கியே நடந்தார். எனினும் எண்பது வயது கடக்கும்வரை அவரைப் பெரும்பிணி ஒன்றும் அணுகியதில்லை. எடின்பரோ நகரத்து மிருக வைத்தியக் கலாசாலையில் பயின்று தேறிய அவர், சில காலம் தாய்நாட்டிலேயே தொழில் புரிந்து, 1867-ஆம் ஆண்டில் கடல் கடந்து அயர்லாந்தில் குடியேறினார். டவுன்பாட்ரிக் என்னும் ஊரில் தம் சகோதரர் ஜேம்ஸுடன் கூடி வைத்தியசாலை நடத்தினார். 1871-ஆம் ஆண்டில் மார்கரெட் ஸ்டீவன்சன் என்னும் அம்மையாரை மணந்தார். அவர்களுக்கு ஒரு பெண்ணும் ஓர் ஆணும் பிறந்தனர். பின்னர் பெல்பாஸ்ட் நகரத்து மே வீதியில் அவர் அமைத்த வைத்தியசாலை நாளடைவில் அயர்லாந்தின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக விளங்கிற்று.

பெல்பாஸ்ட் கப்பல் கட்டுதற்கும் சணல்நூல் துணிக்கும் பேர்பெற்ற துறைமுக நகரம். அதன் வீதிகள் கற்கள் பதித்தவை. இருப்புப் பாதைகள் குறுக்கிடுபவை. அந்நாளில் வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டையோ, கெட்டியான ரப்பர் வளையமோ அன்றி வேறு கவசம் இல்லை. கல்லுக்குக் கல் தாவும் அதிர்ச்சி முழுவதும் ஏறிச்செல்வோர் முதுகெலும்பிலேயே சென்று முடிந்தது. டன்லப்பின் மகன் ஜானி ஒரு மூன்று சக்கரச் சைக்கிள் வைத்திருந்தான். அதில் ஏறி இவ்வீதிகளில் செல்வது அச்சிறுவனுக்கு இன்பத்தினும் துன்பமே மிகுதியாயிற்று. மகன் குறையைத் தந்தை கேட்டார். வழுவழுப்பான வீதியை நகரெங்கும் அமைத்தல் தம்மால் ஆகாது. ஆயினும் செல்லுமிடமெல்லாம் ஒரு மெத்தையைச் சக்கரமே தன்னுடன் சுமந்து செல்லுமாறு செய்தல் கூடுமன்றோ என்று ஆராயத் தலைப்பட்டார்.

வைத்தியத் தொழிலுக்கு வேண்டிய ரப்பர்க் கருவிகளைத் தாமே செய்து பழகியவர் அவர். அக்கைப்பழக்கம் இப்பொழுது துணை நின்றது. 1887-ஆம் ஆண்டு இறுதியில், மெல்லிய ரப்பர்த் தகட்டை ஒட்டி ஒரு குழாய் செய்தார். அதனை வட்டமான மரப்பலகை ஒன்றின் விளிம்பைச் சுற்றி வைத்து, மேலே சணல்நூல் துணியைப் போர்த்து ஆணியடித்தார். பிறகு சிறுவன் பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் அக்குழாயைக் காற்றால் நிரப்பி வாயைக் கட்டினார். வீட்டு முற்றத்தில் இதனையும், சைக்கிளின் கெட்டி ரப்பர்ச் சக்கரத்தையும் மாறிமாறி உருட்டிவிட்டார். கெட்டிச் சக்கரம் முற்றத்தின் மறுகோடியை எட்டுமுன்னரே தளர்ந்து வீழ்ந்தது. காற்றுச் சக்கரமோ முற்றம் முழுவதும் ஓடி, கோடியிலிருந்த வாயிற்கம்பத்தில் மோதித் திரும்பிற்று. அதிர்ச்சியைத் தணிக்கவே அவர் முயன்றார்; ஆனால் வேகமும் உடன் கிடைத்தது என்பதை அம்முற்றம் அவருக்குக் காட்டிற்று.

1888-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜானியின் சைக்கிளுக்குப் பின்சக்கரம் இரண்டிலும் காற்றுக் குழாய்கள் அமைந்தன. சிறுவன் பொழுது விடியும்வரை பொறுத்திலன். இரவிலேயே ஏறிச் சென்று வந்தான். தந்தை விளக்கேற்றி டயர்களைச் சோதித்தார். ஒரு கீறலும் காணப்படவில்லை. அவ்வாண்டிலேயே 10607 என்னும் எண்ணுடைய உரிமைச் சாசனம், அதாவது பேடண்ட், அவர் பெயரால் பதிவாயிற்று. பெல்பாஸ்டில் சைக்கிள் செய்து விற்ற எட்லின் கம்பெனியார் அவர்க்கு உடன் நின்று காற்றுச் சக்கர வண்டிகளை விற்கத் தொடங்கினர்.

புதுமையைக் கண்டு நகைப்பது உலக இயல்பு. 1889-ஆம் ஆண்டு மே மாதம் 18-ஆம் நாள் பெல்பாஸ்டு குவீன்ஸ் கலாசாலை விளையாட்டுப் பந்தயத்துக்கு வில்லி ஹியூம் என்பவர் பருத்த காற்று டயர் பூட்டிய சைக்கிளுடன் வந்தார். கூடியிருந்தோர் அதைக் கண்டு சிரித்தனர். பந்தயம் முடிந்தபோது சிரிப்பு அடங்கிற்று. அவர் கலந்துகொண்ட நான்கு பந்தயங்களிலும் அவரே முதல்வராயினார். அன்று தோற்றவருள் டப்ளின் நகரத்துக் காகித வியாபாரியான ஹார்வி டு குரோ என்பாரின் மக்களும் இருந்தனர். மக்கள் தோற்ற காரணத்தை ஆராய்ந்த தந்தை, அக்காரணத்தையே முதலாகக் கொண்டு வியாபாரம் நடத்தத் துணிந்தார். அவ்வாண்டு இறுதிக்குள் டப்ளினில் ஒரு கம்பெனி நிறுவப்பெற்றது. டன்லப் தம் உரிமையை அதற்கு ஒப்படைத்து, ஈடாகப் பங்குகள் பெற்றார்.

இந்நிலையில் எதிர்பாராத இடியொன்று வீழ்ந்தது. டன்லப்பின் பேடண்ட் செல்லாது என்று 1890-ஆம் ஆண்டில் அவர்க்கு அறிவிக்கப்பட்டது. காரணம் யாதெனில், அவர் அறியாத மற்றொரு ஸ்காத்லாந்தியர் அதே எண்ணத்தை முன்னரே பதிவு செய்திருந்தார் என்பதே. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் அவர், 1845-ஆம் ஆண்டில், தம் இருபத்து மூன்றாம் வயதில், காற்று நிரம்பிய குழாயைத் தோலால் போர்த்துச் சக்கரத்துக்குக் கவசமாக்கும் முறைக்கு உரிமை பெற்றவர். 1847-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரத்து ரீஜெண்ட் பூங்காவில் குதிரை வண்டிகளில் அச்சக்கரங்களைப் பூட்டி ஓட்டியும் காட்டினார். ஆயினும் அந்நாளில் சைக்கிள் பரவவில்லை, மோட்டார் தோன்றவில்லை, தக்க ரப்பரும் மலிவாகக் கிடைக்கவில்லை. தேவை தோன்றுமுன் பிறந்த அவர் கருவி, யாரும் தேடாது மறக்கப்பட்டது. அவரும் 1873-ஆம் ஆண்டில் இறந்தார்.

எண்ணத்துக்கு உரிமை போன பின்பு கம்பெனிக்கு எஞ்சியது எண்ணத்தைச் செயலாக்கும் நுட்பமே. டன்லப்பின் முதல் டயரைச் சக்கரத்தோடு ஒட்டியே வைக்கவேண்டும். முள் தைத்தால் பிரித்துச் செப்பனிடுதல் பெருந்தொல்லை. 1890-ஆம் ஆண்டில் வெல்ச் என்பவர் விளிம்பில் கம்பி வைத்த டயரையும், பார்ட்லெட் என்பவர் வளையத்தில் பற்றிக்கொள்ளும் விளிம்புடைய டயரையும் தனித்தனியே கண்டனர். இவ்விருவர் உரிமைகளையும் கம்பெனி விலைக்கு வாங்கித் தன்னைக் காத்துக்கொண்டது. அடுத்த ஆண்டில் வுட்ஸ் என்பவர் காற்றை உட்புக விட்டு வெளியேறாது தடுக்கும் வால்வு ஒன்றை அமைத்தார். இவ்வாறு நாம் இன்று டயர் என்று ஒரு சொல்லால் குறிப்பது பலர் அறிவு கூடி விளைந்த பொருளாகும்.

டன்லப் 1892-ஆம் ஆண்டில் வைத்தியத்தை விடுத்து டப்ளினில் வாழலானார். கம்பெனியின் போக்கு அவர் உள்ளத்துக்கு ஒத்துவரவில்லை. 1895-ஆம் ஆண்டில் அதனை விட்டு விலகினார். அடுத்த ஆண்டிலேயே அக்கம்பெனி ஹூலி என்னும் பணவணிகருக்கு 30 லட்சம் பவுனுக்கு விற்கப்பட்டது. அவர் அதனையே பொதுமக்களுக்கு 50 லட்சம் பவுனுக்கு மறுவிற்பனை செய்தார். ஆண்டு ஒன்று பொறுத்திருந்தால் டன்லப்பும் பெருநிதி எய்தியிருக்கக்கூடும். பெயர் கம்பெனியோடு சென்றது. பெயருக்குரியவர் வீட்டோடு நின்றார்.

முதுமையில் அவர் பொருளுக்காக வழக்காடவில்லை. தம் உருவத்துக்காக வழக்காடினார். கம்பெனியார் தம் விளம்பரப் படங்களில் டன்லப்பைப் பகட்டான உடையும், கைத்தடியும், மிடுக்கான நடையும் உடைய உல்லாச புருஷராகத் தீட்டி வந்தனர். எளிய வாழ்வுடைய அம்முதியவர்க்கு இது பெரும் இழிவாகத் தோன்றிற்று. அயர்லாந்து நீதிமன்றத்தில் அவர் தொடுத்த வழக்கு, அவ்வழக்கை அங்கே விசாரிக்கலாமா என்னும் பிரச்சினையில் லண்டன் பிரபுக்கள் சபைவரை சென்றது. செல்வம் பிறரிடம் சேர்ந்தபோது வாளாயிருந்தவர், தம் தோற்றம் பொய்யாக்கப்பட்டபோது வாளாயிருந்திலர். 1921-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 23-ஆம் நாள், குளிர் தாக்கியதால் சிறிது காலமே நோயுற்று, எண்பத்தோராம் வயதில் டப்ளினில் உயிர் நீத்தார். காற்று டயரின் வரலாறு பற்றி அவர் எழுதி வைத்ததை அவர் மகளார் பின்னர் நூலாக வெளியிட்டார். பிற்காலத்தில் வட அயர்லாந்தின் பாங்கி ஒன்று, தன் 10 பவுன் நோட்டில் அவர் உருவத்தைப் பொறித்து வெளியிட்டது.

அவர் கண்டதன் பொருளை நன்கு உணர்தற்கு ஓர் உண்மையை அறிதல் வேண்டும். டயரில் சுமை தாங்குவது பெரும்பாலும் ரப்பர் அன்று. உள்ளே அடைபட்ட காற்றே. ரப்பரும் நூலும் அக்காற்றைக் காக்கும் பையே ஆகும். ஒரு சக்கரத்தின்மேல் 2,240 பவுண்டு நிறை இருக்கிறதென்று கொள்வோம். காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டாயின், டயர் ஏறக்குறைய 28 சதுர அங்குலம் தரையில் படிந்து அந்நிறையைத் தாங்கும். அழுத்தம் பாதியாகக் குறைந்தால் படியும் பரப்பு இருமடங்காக வேண்டும். அப்பொழுது டயரின் பக்கங்கள் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து, சூடேறி, முடிவில் வெடிக்கும்.

1895-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து மிஷலின் சகோதரர்கள் பாரிசிலிருந்து போர்தோ சென்று மீளும் பந்தயத்தில் காற்று டயர் பூட்டிய மோட்டார் வண்டியை ஓட்டினர். வழியெங்கும் டயர்கள் காற்றிழந்தமையால் பரிசு கிட்டவில்லை. ஆயினும் மோட்டாரும் காற்றின்மேல் ஓடலாம் என்பது உறுதியாயிற்று. அதன்பின் வண்டிகள் பெருத்தன. இன்று மேனாடுகளில் படுக்கையும் அடுக்களையும் உடன் கொண்ட வீட்டு மோட்டார்களில் குடும்பங்கள் நெடும்பிரயாணம் செய்கின்றன. அவற்றின் டயர்களுக்கு 80 பவுண்டு முதல் 110 பவுண்டு வரை அழுத்தம் வேண்டுதலும் உண்டு. ஜானியின் பந்துப் பம்பு அங்கே போதாது. மின்சாரத்தால் இயங்கிக் கையில் எடுத்துச் செல்லத்தக்க கம்ப்ரெசர் என்னும் காற்றடி யந்திரத்தை அவர்கள் உடன் வைத்துக்கொள்கின்றனர்.

அதனைத் தேர்ந்தெடுப்பதிலும் டன்லப்பின் முற்றத்துப் பாடமே வழிகாட்டும். பெட்டியில் எழுதிய எண்ணை நம்பாது செயலைச் சோதித்தல் வேண்டும். 100 பவுண்டு வேண்டும் டயருக்கு, அதனினும் மிகுந்த அழுத்தத்தை எளிதில் தரவல்ல யந்திரமே ஏற்றது. எல்லை வரை முக்கி உழைப்பது விரைவில் சூடேறி நின்றுவிடும். வெறுங்காற்றில் எவ்வளவு ஊதும் என்பதன்று, வேண்டிய அழுத்தத்தை எதிர்த்து எவ்வளவு ஊதும் என்பதே வினாவாகும். ஓய்வின்றி எத்தனை நிமிஷம் இயங்கும் என்பதையும் கேட்டல் வேண்டும். டயர் பெரிது, சக்கரங்களும் பல. மிகுந்த மின்சாரத்தை இழுக்கும் யந்திரத்தைச் சுருட்டுக் கொளுத்தும் துளையில் செருகினால் காப்புக் கம்பி உருகும். ஆதலின் பாட்டரியிலேயே நேரே இணைப்பது நன்று. குழாய் கடைசிச் சக்கரம் வரை எட்டல் வேண்டும். இவை எல்லாவற்றினும் மேலாக, அழுத்தமானி பிழையற்றதாய் இருத்தல் வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்பதை வண்டியை நிறுத்து, டயர் செய்தோர் பட்டியலைப் பார்த்து, ஓடுமுன் டயர் குளிர்ந்திருக்கையில் அளந்தே முடிவு செய்தல் தகும்.

டன்லப் முதலில் எண்ணியவர் அல்லர். இறுதியில் பொருள் ஈட்டியவரும் அல்லர். ஆயினும் காற்று டயரை உலகுக்கு அளித்தவர் என்று அவரையே உலகம் கொண்டாடுகின்றது. ஏன்? தாம்சன் கருவி மாண்டொழிந்த இடத்தில், இவர் கருவி வாழ்ந்து பரவியது. தம் கண்முன் இருந்த ஒரு சிறுவனின் சிறு குறையை அவர் அற்பமென்று தள்ளவில்லை. தம் தொழில் தந்த கைப்பழக்கத்தையே கொண்டு, தம் முற்றத்திலேயே சோதித்து, அதனைத் தீர்த்தார். மாணவர்கள் பெரும்பொருளைத் தேடி நெடுந்தூரம் நோக்கும் இக்காலத்தில் இஃது எண்ணத்தக்கது. அருகிலிருப்போர் துன்பத்தைச் செவ்வையாகக் கேட்பதும், கேட்டதைக் கையால் தீர்க்க முயல்வதும் எவர்க்கும் இயல்வனவே. கண்ணுக்குப் புலனாகாத காற்று எடைமிக்க வண்டிகளைத் தாங்குவது போல, விளம்பரமற்ற இத்தகைய உழைப்பே உலக வாழ்வின் சுமையைத் தாங்கி நிற்கின்றது.