நுவரெலியா கண்ட சேர் சாமுவேல் பேக்கர்

நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்றவர் வரிசையில் சேர் சாமுவேல் வைட் பேக்கர் என்னும் பெயரைப் பூகோளம் பயின்ற மாணவர் பலரும் அறிவர். ஆபிரிக்காவில் அவர் பெற்ற புகழுக்கு முன்னரே நமது மலைநாட்டின் உச்சியில் அவர் குடியிருந்தார் என்பதையும், அங்கே வரிசையாகத் தோல்விகளைக் கண்டு மீண்டவர் என்பதையும் அறிந்தோர் சிலரே. நுவரெலியாவின் பெயரை உலகத்து மது மேசைகளுக்குக் கொண்டு சென்ற கறுப்பு பியரின் கதையும் அவரிடமிருந்தே தொடங்குகின்றது. ஆசிரியனாகிய நான் மதுவைப் பற்றி எழுதலாமோ என்று புருவத்தை நெரிப்பவர் இருக்கலாம். சரித்திரத்தைக் கூறுமிடத்து அதிலுள்ள பீப்பாயை மட்டும் திரையிட்டு மறைப்பது முறையன்று என்பதே என் கருத்து.

பேக்கர் 1821ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் இலண்டனிற் பிறந்தார். தந்தையார் செல்வம் மிக்க வணிகர். ஜமேக்காவிலும் மொரீசியஸ் தீவிலும் கரும்புத் தோட்டங்கள் உடையவர். கணக்குப் புத்தகங்களுக்கு முன்னால் அமர்ந்திருக்கும் வாழ்வு மகனுக்குப் பொருந்தவில்லை. 1843இல் ஹென்றியெற்றா என்னும் பாதிரியார் மகளை அவர் மணந்தார். அவள் தங்கையை அவர் தம்பி ஜோன் மணந்தான். மொரீசியஸ் தோட்டத்தைப் பார்க்கச் சென்ற பேக்கர் அங்கும் நிலைகொள்ளாது, யானை வேட்டையின் புகழைக் கேட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தார்.

தாழ்நிலக் காடுகள் அவருக்கு யானைகளைக் கொடுத்தன. கூடவே காய்ச்சலையும் கொடுத்தன. உடல் மெலிந்து உயிர் ஊசலாடிய நிலையில், 1847இல், மருத்துவர் சொற்படி நுவரெலியாவுக்குச் சென்றார். அக்காலத்து நுவரெலியாவை இன்றைய ஊராக எண்ணிவிடலாகாது. தேசாதிபதி பார்ன்ஸ் காலத்தில் ஆங்கிலப் படைவீரர் நோய் தீர்ந்து தேறுவதற்காக அமைத்த சில வீடுகளும், சதுப்பு நிலமும், சுற்றிலும் இருண்ட காடுமே அங்கு இருந்தன. ஏறக்குறைய 6,100 அடி உயரத்தில் வீசிய குளிர்காற்று பதினைந்து நாளில் அவரைத் தேற்றிவிட்டது. தேறிய மனிதருக்கு ஒரு கனவும் பிறந்தது. இத்தனை குளிர்ந்த மண்ணில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை அப்படியே பெயர்த்து நட்டால் என்ன என்று அவர் எண்ணினார்.

நோயாளி உடல் தேறியவுடன் காணுங் கனவுகளை எச்சரிக்கையோடு நோக்க வேண்டும் என்பது என் அநுபவம். பேக்கரிடம் அதைச் சொல்வார் எவருமில்லை. செலவுக்குத் தந்தையின் பணமும் இருந்தது. இங்கிலாந்துக்கு மீண்டு, தம்பியையும் இரு குடும்பங்களையும் குடியேற விரும்பிய பிறரையும் திரட்டினார். பண்ணை மேற்பார்வையாளன், கொல்லன், குதிரைக்காரன் ஆகியோர், வேட்டை நாய்கள், உயர்சாதிக் காளை, பசு, செம்மறிகள், குதிரைகள், கலப்பைகள், விதைகள் என ஒரு சிற்றூரையே கப்பலில் ஏற்றி 1848 செப்டம்பரில் இலண்டனை விட்டுப் புறப்பட்டார். ஏக்கர் ஒன்றுக்கு 20 சிலிங் வீதம் அரசாங்கத்திடம் காடு வாங்கப்பட்டது.

பின்னர் நடந்தவற்றைப் பேக்கரே ஒளிவுமறைவின்றித் தம் நூலில் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதிகளைப் படிக்கும்போது அவர்மீது எனக்கு எழும் அன்பு, அவர் வேட்டைப் பெருமை பேசும் இடங்களில் எழுவதில்லை. பேர்க்ஸ் என்ற குதிரைக்காரன் குடிவெறியில் வண்டியையும் குதிரைகளையும் மலைச்சரிவில் உருட்டிவிட்டான். உதவிக்கு யானை அனுப்பப்பட்டது. அவன் அந்த யானை மீதேறி, கணவாய்ச் சாலையில் அதை ஓட ஓட விரட்ட, அது களைத்து மாண்டது. இங்கிலாந்திலிருந்து அருமையாகக் கொண்டுவந்த பசு மலையைக் காணுமுன்னரே வழியில் இறந்தது. காடு திருத்தி விதைத்த ஓட்ஸ் தானியத்தை மரைகளும் பன்றிகளும் மேய்ந்தன. உருளைக்கிழங்கைப் புழுக்கள் தின்றன. கால்நடைகளைக் கொள்ளைநோய் வாரிச் சென்றது. பசுமையான காடு வளரும் மண் வளமான மண்ணாகவே இருக்கும் என்று நம்பி வந்தவர், எருவிடாமல் ஒன்றும் விளையாது என்பதைப் பணம் கரைந்த பின்னர் கண்டுகொண்டார். யானையை ஏரிற் பூட்டி உழுதார். சுண்ணாம்பும் எருவும் இட்டார். சில ஆண்டுகளில் மண் ஒருவாறு வசப்பட்டது. காய்கறிகளுக்கு நுவரெலியா இன்று பெற்றிருக்கும் பெயருக்கு அந்தப் பிடிவாதமும் ஒரு காரணம்.

இந்தப் பண்ணையின் நடுவிலேதான் பியரும் வருகின்றது. ஆங்கில நாட்டுப்புறத்து மனிதனுக்கு அக்காலத்தில் பியர் ஆடம்பரப் பொருளன்று. நம் உழவனுக்குக் கஞ்சி போல அன்றாட உணவின் ஒரு கூறு. கப்பலில் வந்த பியர் கொழும்பிலிருந்து கணவாய் ஏறி வருவதற்குள் விலை ஏறிவிடும். குடியேறியோருக்காகப் பேக்கர் 1849இல் சிறு அளவில் பியர் வடிக்கத் தொடங்கினார் என்பது மலைநாட்டில் வழிவழி வரும் செய்தி; பிற்காலத்துப் பியர் நிறுவனத்தாரும் தங்கள் தொழிலின் பிறப்பை அந்த ஆண்டிலேயே வைத்து எண்ணுகின்றனர்.

இயற்கையும் அதற்கு இடந்தந்தது. குளிர்ப்பெட்டி இல்லாத காலத்தில் பியர் வடிப்போனுக்குப் பெரும்பகை வெப்பமே. முளைகட்டி உலர்த்திய பார்லியைச் சுடுநீரில் ஊறவைத்து, இனிய சாற்றைப் பிரித்து, ஹொப்ஸ் என்னும் கசப்புப் பூவோடு கொதிக்கவைத்து ஆற்றிய பின், நம் பாடநூல்கள் மதுவம் என்று கூறும் ஈஸ்டைச் சேர்ப்பர். அந்த நுண்ணுயிர் அமைதியாக வேலை செய்யக் குளிர்ச்சி வேண்டும். வெப்பம் மிகுந்தால் வேண்டாத கிருமிகள் புகுந்து சாறு புளித்துவிடும். கொழும்பில் இயலாதது, பிதுருதலாகலையின் அடிவாரத்தில் இயன்றது. மலையிலிருந்து தெளிந்த நீரும் இறங்கிக்கொண்டிருந்தது.

பேக்கரின் நூல்களில் என் மனத்தை உறுத்தும் இடம் ஒன்றுண்டு. அவர் வேட்டை நாய்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. ஸ்மட், கில்பக், புளூபியர்ட் என்று அவற்றின் குணமும் வீரமும் மரணமும் பக்கம் பக்கமாக எழுதப்பட்டுள்ளன. அந்தக் காட்டை வெட்டிச் சாய்த்த, மூட்டைகளைத் தலையிற் சுமந்து மலையேற்றிய கூலிகளின் பெயர்களைத் தேடினால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த எம் முன்னோர், வழியெங்கும் பிணமாய் விழுந்தனர். பேக்கரின் பசு இறந்த செய்தி அச்சேறியது. அவர்கள் இறந்ததற்குக் கணக்குத்தானும் ஒழுங்காக இல்லை. அன்னாரை இன்று குற்றக் கூண்டில் ஏற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. லயத்துப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் ஒருவன் அந்த நூலைத் திறக்கும்போது இந்த இடைவெளியைக் காணாதது போலக் கடந்து செல்ல முடியாது.

1855இல் பேக்கர் இலங்கையை விட்டு நீங்கினார். அவ்வாண்டின் இறுதியிலேயே மனைவி பிரான்சு நாட்டில் காய்ச்சலால் இறந்தார். நான்கு பெண் குழந்தைகள் தாயற்றவராயினர். பின்வந்த வாழ்வு நாவலாசிரியரும் எழுதத் தயங்கும் விந்தைகள் நிறைந்தது. பஞ்சாபின் அரசிழந்த மகாராசா துலீப் சிங்கோடு டான்யூப் நதியில் வேட்டைக்குச் சென்ற பேக்கர், 1859இல் விடின் என்னும் துருக்கிய ஆட்சிக்குட்பட்ட நகரில், அடிமையாக விற்கப்பட்ட இளம்பெண் ஒருத்தியை மீட்டுத் தம்மோடு கொண்டுசென்றார். புளோரன்ஸ் என்று வழங்கப்பட்ட அப்பெண்ணே ஆபிரிக்கப் பயணம் முழுவதிலும் அவர் துணை. 1864 மார்ச் 14இல் இருவரும் ஒரு பேரேரியின் கரையை அடைந்தனர். விக்டோரியா மகாராணியாரின் காலஞ்சென்ற கணவர் பெயரால் அதற்கு அல்பேட் ஏரி என்று பேக்கர் பெயரிட்டார். இங்கிலாந்து மீண்டதும் 1865இல் அவளை முறைப்படி மணந்தார். அடுத்த ஆண்டு சேர் பட்டம் கிடைத்தது. மகாராணியார் பேக்கருக்குப் பட்டம் அளித்தார். புளோரன்ஸை மட்டும் அரண்மனையில் ஏற்க மறுத்தார். 1869இல் எகிப்திய ஆட்சியாளர் இஸ்மாயில், மேல் நைல் பகுதியில் அடிமை வாணிகத்தை ஒழிக்கும் பணியை நான்காண்டுக்குப் பேக்கரிடம் ஒப்புவித்தார். 1893 டிசம்பர் 30இல் தெவன் மாவட்டத்து இல்லத்தில் அவர் காலமானார். நம் நாட்டில் ஹோர்ட்டன் சமவெளியின் நீர்வீழ்ச்சி ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் தொடங்கிய கிராமம் கனவாகவே போயிற்று. பியர் போகவில்லை. கோப்பி இலைநோயால் தோட்டங்கள் அழிந்து தேயிலை மலையேறிக்கொண்டிருந்த 1881இல், நுவரெலியாவில் வணிக முறையில் பியர்ச் சாலை நிறுவப்பட்டது. அங்கே வடித்த வகைகளுள் தலைசிறந்தது ஸ்டவுட் என்னும் கறுப்பு பியர். பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில் மூட்டை தூக்குவோர் விரும்பி அருந்திய போர்ட்டர் என்ற வகையில், வீரியம் மிகுந்ததை ஸ்டவுட் என்றார்கள். கோப்பிக் கொட்டையைப் போலக் கருக வறுத்த தானியமே அதன் நிறத்துக்கும் கசப்புக்கும் காரணம். பார்லி நம் நாட்டில் விளைவதன்று; கடல் கடந்து வந்த தானியமும் ஹொப்ஸும் வளைந்து நெளிந்த மலைச்சாலையில் ஏறி நுவரெலியாவை அடைந்தன. பண்டமாகிய பின் அதே சாலையில் மீண்டும் இறங்கின. பேக்கரின் மூட்டைகள் ஏறிய மலைதான் அது.

இந்த ஸ்டவுட்டை உலகறியச் செய்தவர் மைக்கேல் ஜாக்சன் என்னும் ஆங்கில எழுத்தாளர். பாடகரை நினைத்துவிட வேண்டாம். இவர் யோர்க்சயரில் 1942இல் பிறந்து, பியரைச் சுவைத்து எழுதுவதையே தொழிலாகக் கொண்டு, 2007இல் மறைந்தவர். நுவரெலியாவிலும் கண்டியிலும் மரப்பீப்பாயிலிருந்து கைப்பம்பினால் இறைத்து ஊற்றப்பட்ட கறுப்பு பியரைச் சுவைத்து, தம் நூல்களில் உலகின் சிறந்த ஸ்டவுட்டுகளின் வரிசையில் வைத்தார். வெப்ப நாட்டில் இத்தகைய ஸ்டவுட்டா என்று மேனாட்டார் வியந்தது அதன் பிறகே.

சுவைப்பதிலும் ஒரு கல்வி இருக்கிறது. தேயிலை ருசிபார்ப்போரை மலைநாட்டில் வளர்ந்தவர் அறிவர். வரிசையாகக் கோப்பைகளை வைத்து, கரண்டியால் அள்ளி, ஓசையெழ உறிஞ்சி, உடனே உமிழ்ந்துவிட்டு அடுத்த கோப்பைக்குச் செல்வார்கள். திம்புளைத் தேயிலை தை, மாசியில் எப்படி மணக்கும், ஊவாத் தேயிலை ஆடி, ஆவணியில் எப்படி மணக்கும் என்பதை அவர்கள் நாக்கு அறியும். பியர் சுவைப்போரோ உமிழ்வதில்லை. கசப்பின் முழுமை தொண்டையிலேதான் தெரியும் என்பது அவர்கள் கொள்கை. நுவரெலியா ஸ்டவுட்டை ஒரு மாலை நண்பர் ஒருவர் முன்னிலையில் சுவைத்திருக்கிறேன். கண்ணாடிக் குவளையில் அது கறுப்பு. விளக்கொளியில் உயர்த்தினால் ஓரத்தில் மாதுளை நிறம். நுரை வெண்மையன்று, பால் குறைந்த கோப்பியின் நிறம். மணத்தில் முதலில் வறுத்த கோப்பி. சிறிது பொறுத்தால் கருகிய வெல்லம். நாவில் முதலில் இனிப்பும் பின்னர் கசப்பும் வருகின்றன. எண்ணெய் போன்ற ஒரு கனம் இறுதிவரை நிற்கின்றது. பனிக்கட்டி போலக் குளிரவைத்தால் இவை யாவும் மறைந்து கசப்பு மட்டுமே எஞ்சும். நுவரெலியாவின் மாலைக் குளிரே அதற்குப் போதுமானது. நூற்றுக்கு எட்டுப் பங்களவு மதுசாரம் உள்ள பானமாகையால் அரைக் குவளையோடு நான் நிறுத்திக்கொண்டேன். நண்பர் என் பங்கையும் வீணாக்கவில்லை.

எங்கள் தோட்டப் பகுதியில் இப்பானத்துக்கு வேறொரு வாழ்வும் இருந்தது. துரைமாரின் கழகத்தில் அது உரையாடலுக்குத் துணை. லயங்களில் அதை மருந்தென்று நம்பினார்கள். பிள்ளை பெற்ற தாய்க்கு முட்டை கலந்து கொடுத்தால் இரத்தம் ஊறும் என்று கூறும் கிழவிகளை நான் அறிவேன். நிறம் கறுப்பானதால் இரும்புச் சத்து நிறைந்தது என்று அவர்கள் எண்ணினார்கள். கறுப்பு நிறம் வறுத்த தானியத்தின் கருகலன்றி வேறன்று. பாலூட்டும் தாய்க்கு மதுசாரம் தீங்கே செய்யும். மருந்தென்று வந்த புட்டியே சில வீடுகளில் தவறணைக்கு வழிகாட்டியாயிற்று. சம்பள நாள் இரவில் தவறணை வாசலில் தந்தையரைத் தேடி நின்ற பிள்ளைகள் மறுநாள் என் வகுப்பிலும் இருந்தார்கள். சுவையை மெச்சி மேனாட்டார் எழுதியவற்றைப் படிக்கும்போது அம்முகங்களும் கூடவே தோன்றுகின்றன. இரண்டில் ஒன்றைப் பொய்யென்று தள்ள என்னால் இயலவில்லை.

1990களில் பியர் வடிக்கும் தொழில் நுவரெலியாவை விட்டுக் கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமைக்கு இறங்கிவிட்டது. குளிரூட்டும் பொறிகள் வந்தபின் மலையின் குளிர் தேவைப்படவில்லை. துறைமுகத்துக்கு அண்மையே தேவைப்பட்டது. 2016 மே மாத வெள்ளத்தில் அந்தப் புதிய ஆலை நீரில் மூழ்கிச் சில மாதம் வேலையின்றிக் கிடந்தது. பேக்கர் பண்ணை இருந்த மகாகஸ்தோட்டையில் தேயிலை நிற்கிறது. காலையில் அங்கே கொழுந்து பறிக்கச் செல்லும் பெண்களின் கூடைகள், பனிமூட்டத்துக்குள் ஒவ்வொன்றாய் மறைகின்றன.