சூறாவளிக்குப் பெயர் சூட்டிய மாலுமி

வங்கக் கடலில் எழும் பெருங்காற்றை ஆங்கிலத்தில் சைக்குளோன் என்று வழங்குகின்றார்கள். அச்சொல் பழைமையானதன்று. 1848ஆம் ஆண்டில் அச்சேறிய ஒரு நூலின் மூலமாகவே அது உலகில் நிலைபெற்றது. கிரேக்க மொழியிலே வட்டத்தையும் பாம்பின் சுருளையும் குறிக்கும் ஒரு சொல்லை அடியாகக் கொண்டு அதனை ஆக்கியவர் ஹென்றி பிடிங்டன் என்பவர். அவர் மொழிப்புலவர் அல்லர், கப்பலோட்டி. புலவர்கள் செய்யாது விடும் சொல்லாக்கத்தைக் கப்பலோட்டிகள் செய்துவிடுவதும் உண்டு.

நமக்கு அத்தகைய தேவை எழவில்லை. சூறை என்பது சுழன்றடிக்கும் காற்று. வளி என்பதும் காற்று. இரண்டும் சேர்ந்து சூறாவளி ஆயிற்று. ஈழத்தில் நாம் இச்சொல்லை ஆளத் தமிழகத்தார் புயல் என்பர். புயல் என்பது பழந்தமிழில் மேகத்தையும் மழையையும் குறித்த சொல்; பெருங்காற்றைக் குறித்தது பிற்காலத்திலேதான். இவ்விரண்டனுள் ஈழ வழக்கே பொருள் நிரம்பியது என்பது என் துணிபு. காற்று நேரே ஓடவில்லை, சுழல்கின்றது என்னும் உண்மை அச்சொல்லுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. அந்த உண்மையை நிலைநாட்டுவதற்கே பிடிங்டன் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்டார்.

அவர் 1797ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள அக்ஃபீல்டு என்னும் ஊரிற் பிறந்தார். வணிகக் கப்பல்களில் தொழில் பயின்று கப்பற்றலைவராகிக் கீழைக் கடல்களில் உலவியபின் கல்கத்தாவிலே தங்கிவிட்டார். அங்கே அவர் கைவைக்காத துறை அரிது. இந்தியத் தாவரங்களுக்குப் பெயரகராதி ஒன்று 1832இல் வெளியிட்டார். மண்ணையும் கனிப்பொருள்களையும் ஆராய்ந்தார். அரும்பொருட்காட்சிச் சாலையொன்றின் காப்பாளராயினார். கப்பல் விபத்துகளை விசாரிக்கும் மன்றத்துக்குத் தலைமை தாங்கினார். இவை யாவும் இன்று மறக்கப்பட்டன. மறக்கப்படாதது காற்றைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றே.

அவ்வாராய்ச்சிக்கு அவர் முதல்வர் அல்லர். அமெரிக்காவிலே குதிரைச் சேணம் தைக்கும் தொழில் பயின்ற ரெட்ஃபீல்டு என்பவர், 1821ஆம் ஆண்டுப் பெருங்காற்றுக்குப் பின் நடந்து சென்றபோது, ஓரிடத்தில் மரங்கள் ஒரு திசை நோக்கியும் வேறோரிடத்தில் எதிர்த்திசை நோக்கியும் சாய்ந்து கிடந்ததைக் கண்டார். காற்று சுழன்றாலன்றி இவ்வாறு நிகழாது என்று உணர்ந்து 1831இல் எழுதினார். இராணுவப் பொறியியலாளராகிய வில்லியம் ரீட் அதனை விரித்து 1838இல் நூலாக்கினார். அந்நூல் கல்கத்தாவுக்கு வந்து பிடிங்டனைப் பற்றிக்கொண்டது.

1839 முதலாக அவர் கல்கத்தா ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் வங்கக் கடலிலும் அயற்கடல்களிலும் வீசிய சூறாவளிகளைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார். துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பல்களின் நாட்குறிப்பேடுகளை வாங்கி, எந்த நாள் எந்த நாழிகையில் எந்தக் கப்பல் எங்கே நின்றது, அங்கே காற்று எத்திசையிலிருந்து வந்தது, பாரமானி எவ்வளவு இறங்கிற்று என்று ஒன்றோடொன்று பொருத்திப் படம் வரைந்தார். உயிர் தப்பியவர்களின் ஏடுகளே அவருக்குக் கிடைத்தன என்பதை நாம் மறத்தலாகாது. மூழ்கிய கப்பல் ஏடு தருவதில்லை.

அவ்வேடுகளுள் மிக வியத்தற்குரியது சார்ள்ஸ் ஹெடில் என்னும் கப்பலினுடையது. 1845 பெப்ரவரியில் மொரீசியசுத் தீவுக்கு அண்மையில் சூறாவளியில் அகப்பட்ட அக்கப்பல், காற்றுக்கு முதுகு கொடுத்து ஓடினால் தப்பலாம் என்று ஓடியது. ஏறத்தாழ ஐந்து நாள் ஓடியும் அது தப்பவில்லை. செக்குமாடு போலச் சூறாவளியின் நடுவிடத்தையே ஐந்து முறை சுற்றியிருந்தது. பிடிங்டன் அவ்வேட்டைப் படமாக வரைந்தபோது, ரெட்ஃபீல்டு மரங்களிலே கண்டது கடலின் மேற் கண்கூடாயிற்று. அங்கே சுழற்சி நம் பக்கத்துக்கு நேர்மாறானது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே கடிகார முள்ளுக்கு எதிராகவும், தெற்கே அதனோடு ஒத்தும் காற்றுச் சுழலும்.

1848இல் வெளிவந்த அவர் நூல் மாலுமிகளுக்கான அரிச்சுவடி. ஒளி ஊடுருவும் மெல்லிய கொம்புத் தகட்டில் வட்டங்களும் காற்றுக் குறிகளும் பொறித்த அட்டைகள் இரண்டு, வடபாதிக்கு ஒன்றும் தென்பாதிக்கு ஒன்றுமாக, அதனுடன் வழங்கப்பட்டன. கடற்படத்தின்மேல் அட்டையை வைத்து, வீசும் காற்றோடு குறியைப் பொருத்தினால் சூறாவளியின் நடுவிடம் எங்குள்ளது என்பது புலனாகும். நம் பக்கத்துக்குரிய விதி மிக எளிது: காற்றை எதிர்நோக்கி நின்றால் நடுவிடம் வலக்கைப் பக்கம் இருக்கும். கார்த்திகை மாதத்திலே, வாடைக்குரிய நாளில், நம் கற்பிட்டிக் கரையில் மேற்கிலிருந்து கச்சான் வலுத்து வீசுமாயின், வடக்கே ஒரு சுழல் நிற்றல் கூடும் என்று இவ்விதியால் ஐயுறலாம். காற்று முழுவட்டமாக ஓடாமல் உள்நோக்கிச் சரிந்தே சுழல்கின்றது என்று பின்வந்தோர் காட்டினர். ஆகவே நடுவிடம் வலத்தோளுக்குச் சற்றுப் பின்னே விலகும். அத்திருத்தம் பிடிங்டனின் பெருமையைக் குறைப்பதன்று.

எல்லாக் கடலின் சுழல்காற்றுக்கும் பொதுவான ஒரு பெயர் வேண்டும் என்பதே அவர் எண்ணம். உலகமோ அவர் எண்ணியவாறு நடக்கவில்லை. மேலைப் பசிபிக்கில் கடுஞ்சுழல் டைபூன் ஆயிற்று. அத்திலாந்திக்கில் ஹரிகேன் ஆயிற்று. பிடிங்டனின் சொல் நம் இந்து மாகடலிலும் தென்பசிபிக்கிலுமே பெரும்பாலும் ஒதுங்கிவிட்டது. பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே.

எந்தக் கடலில் இவை மிகுதி என்று மீனவர் குடும்பத்து மாணவர் ஒருவர் வகுப்பில் வினவினார். நம்முடையதே என்பது அவர் எதிர்பார்த்த விடை. கணக்கு அவ்வாறில்லை. உலகமெங்கும் ஆண்டொன்றுக்கு 80 முதல் 90 வரை பெயர் பெறத்தக்க சூறாவளிகள் தோன்றுகின்றன. வடமேற்குப் பசிபிக்கில் ஏறத்தாழ 25, வடகிழக்குப் பசிபிக்கில் 16 அல்லது 17, வட அத்திலாந்திக்கில் 14, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே எல்லாக் கடல்களிலுமாக 25 அளவில். வட இந்து மாகடலுக்கு உரியவை ஐந்தே. அவற்றுள் நான்கு வங்கக் கடலிலும் ஒன்று அரபிக் கடலிலும் என்பது பொதுவான விகிதம். தென் அத்திலாந்திக்கில் இவை தோன்றுவதே அரிது. 2004 மார்ச்சில் பிரேசில் நாட்டைத் தாக்கிய ஒன்றைக் கண்டு வானியலார் வியந்தனர்.

ஆனால் உயிர்க்கணக்கு வேறு. 1970 நவம்பரில் இன்றைய பங்களாதேசக் கரையில் மூன்று இலட்சத்துக்குக் குறையாதோர் மாண்டனர். 1991இல் அதே கரையிலும் 2008இல் பர்மாவின் ஐராவதிக் கழிமுகத்திலும் ஒவ்வொன்றிலும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். வங்கக் கடல் வடக்கே புனல்போல் ஒடுங்குகின்றது; ஆழமும் குறைகின்றது; கரை தாழ்ந்தது; மக்கள் நெருக்கம் மிக்கது. காற்றால் உந்தப்பட்ட கடல்நீர் ஒதுங்க இடமின்றி ஊருக்குள் ஏறுகின்றது. ஐந்தை இருபத்தைந்தோடு ஒப்பிட்டு நாம் பாதுகாப்பானவர் என்று கருதுவது பேதைமை.

எண்களிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பிடிங்டன் காலத்தில் கப்பல் கண்டதே சூறாவளி. கப்பல் செல்லாத கடலில் வீசியது கணக்கில் ஏறவில்லை. 1960இல் முதல் வானிலைச் செயற்கைக்கோள் ஏவப்பட்ட பின்னரே, அதுவும் படிப்படியாகவே, எல்லாக் கடல்களும் கண்ணுக்குட்பட்டன. இன்றும் காற்றின் வேகத்தைச் சிலர் ஒரு நிமிடச் சராசரியாகவும், புதுடில்லியார் மூன்று நிமிடச் சராசரியாகவும், வேறு சிலர் பத்து நிமிடச் சராசரியாகவும் கொள்கின்றனர். அளவுகோல் வேறுபட்டால் எண்ணிக்கையும் வேறுபடும்.

நம் கரையின் நிலைமை தனியானது. தென்மேற்குப் பருவத்தில் நம் கடல் கொந்தளிக்க, உடப்பு மீனவர் முல்லைத்தீவுப் பக்கம் சென்று வாடி அமைத்துக் கரைவலை இழுப்பர். ஐப்பசிக்குப் பின் நம் கடல் அடங்க, ஊருக்குத் திரும்புவர். அவ்வமைதிக் காலமே வங்கக் கடலுக்குச் சூறாவளிக் காலம். 1964 டிசம்பரிலும் 1978 நவம்பரிலும் கீழ்க்கரையிலே ஏறிய சூறாவளிகள் தீவைக் குறுக்கறுத்து மேற்கே சென்றன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாவின் காற்று பெரிதன்று, மழையே கொன்றது. இலங்கையில் 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். தெதுரு ஓயா பெருகிச் சிலாபத்தை மூழ்கடித்ததை நாம் கண்ணாரக் கண்டோம். எண்ணிக்கைப் பட்டியலில் அதுவும் ஒன்று என்றே நிற்கும்.

பிடிங்டனின் கடைசிக் காலத்துச் செய்தி ஒன்று உண்டு. ஹூக்ளி ஆறு தூர்ந்துவருகின்றது என்றஞ்சிய கல்கத்தா அரசாங்கம், சுந்தரவனத்து மாத்லா ஆற்றங்கரையிலே புதுத்துறைமுகம் அமைக்க எண்ணியது. அவர் 1853இல் ஆளுநர் தலைவர் டல்ஹவுசிக்கு ஒரு திறந்த மடல் எழுதி அச்சிட்டார். சூறாவளி கடலை அலையாகத் திரட்டி அவ்விடத்தின் மேல் ஏற்றும். குடியேறியோர் ஒருநாள் உப்புவெள்ளத்தின் நடுவே நிற்க நேரும் என்று விளக்கினார். கோதாவரிக் கழிமுகத்துக் கோரிங்கா நகரை 1789இல் கடல் விழுங்கி ஏறத்தாழ 20,000 பேரைக் கொன்ற வரலாற்றை அவர் நன்கு ஆராய்ந்திருந்தார். அதிகாரிகள் செவிமடுக்கவில்லை. 1858இல் அவர் கல்கத்தாவிலேயே காலமானார்.

துறைமுகம் எழுந்தது, கானிங் பிரபுவின் பெயர் பெற்றது, இரயில் பாதையும் வந்தது. 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டனர். அதன்பின்னரே எச்சரிக்கை முறை வகுக்கக் குழு அமைந்தது. 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. இவ்விரண்டுக்கும் இடையில், 1867 நவம்பர் முதல் நாளில், மாத்லாவின் மேல் வந்த சூறாவளி பெரியது என்று சொல்லத்தக்கதன்று. கடல் ஆறடி அளவே ஏறியது. துறைமுகத்துக்கு அது போதுமாயிருந்தது. ஐந்தாண்டுக்குள் அதனைக் கைவிட்டனர். கானிங் நிலையத்துக்குக் கல்கத்தாவிலிருந்து இரயில் மட்டும் இன்றும் ஓடுகின்றது.