உத்தியோகம் பலவும் உள்ளம் ஒன்றும்

ஒருவன் தன் இயல்புக்கும் விருப்புக்கும் இயைந்த தொழிலையே மேற்கொள்ளல் வேண்டும் என்பது யாவரும் உடன்படுவதாம். ஆயின், அவ்வியல்புக்கு ஏற்ற தொழில் உலகத்தில் இன்னும் உண்டாகாதிருப்பின் அவன் யாது செய்வான்? இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் வாழ்க்கை. பழந்தமிழ் நூற் பதிப்பாசிரியர் என்றே அவர்களை நாம் போற்றுகின்றோம். அக்காலத்திலோ ஏட்டைப் பதிப்பித்தல் என்பது ஒருவன் மனைவி மக்களைக் காப்பாற்றத்தக்க உத்தியோகமாய் இருந்ததில்லை.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிலே 1832 ஆம் ஆண்டிற் பிறந்த பிள்ளையவர்கள், சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் கற்றார்கள். வட்டுக்கோட்டைச் செமினறியிலே ஆங்கிலமும் கணிதம் முதலிய புதுக்கல்வியும் பெற்றார்கள். 1852 இற் கோப்பாயில் ஆசிரியரானார்கள். அங்கிருந்த காலத்திலேயே, 1854 இல், நீதிநெறி விளக்கத்தை உரையோடு அச்சிட்டு வெளியிட்டார்கள். அப்போது அவர்களுக்கு வயது இருபதைச் சிறிதே கடந்திருந்தது. இயல்பு இன்னதென்பதை இளமையிலேயே அறிதற்கு இஃது ஒரு சான்று. ஏவுவாரும் ஊதியமும் இல்லாதவிடத்தும் ஒருவன் கை எதனை நாடிச் செல்கின்றதோ அதுவே அவனுடைய இயல்பு.

பின்னர், பேர்சிவல் பாதிரியார் அழைக்கச் சென்னை சென்று, தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தினார்கள். இராசதானிக் கல்லூரியிலே தமிழ் கற்பித்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் நிறுவப்பெற்றபின் நிகழ்ந்த முதற் பி. ஏ. தேர்விலே தேறியவர் இருவரே. ஒருவர் பிள்ளையவர்கள், மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர். அதன்பின் கள்ளிக்கோட்டையில் ஆசிரியப்பணி. மீண்டும் சென்னையிலே அரசாங்க வரவு செலவுக் கணக்குச் சாலையில் உத்தியோகம். அதனிடையே சட்டம் பயின்று 1871 இற் பி. எல். பட்டம் பெற்று, பின்னாளிற் கும்பகோணத்தில் வழக்கறிஞராய் விளங்கினார்கள். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டையில் நீதிபதியாய் அமர்ந்தார்கள்.

இவற்றை மேலோட்டமாகப் பார்ப்போர், ஓரிடத்தும் நிலையாது தொழில் மாறிய ஒருவரென எண்ணுதல் கூடும். யான் அவ்வாறு கருதேன். பத்திரிகையாசிரியன் அச்சுப்பிழை நோக்குவான். கணக்காய்வோன் ஒரு பதிவை மற்றொன்றோடு ஒப்பிடுவான். நீதிபதி முரணிய சான்றுகளுள் எது கொள்ளத்தக்கதெனத் துணிவான். பல பிரதிகளை விரித்து வைத்து, பாடபேதம் கண்டு, வழுவை நீக்கி, உண்மைப் பாடத்தை நாட்டும் பதிப்பாசிரியனுக்கு வேண்டிய ஆற்றல்கள் இவையே அல்லவா? தொழில்களின் பெயர்கள் மாறின. அவற்றை இயற்றிய உள்ளம் மாறிற்றில்லை.

1868 இலே தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையோடு ஆறுமுக நாவலர் பரிசோதித்துதவ, பிள்ளையவர்கள் பதிப்பித்தார்கள். நாவலர் 1879 இல் மறைந்தபின் அச்சுமை முழுவதும் தம் தோளில் வீழ்ந்ததாகவே ஏற்றுக்கொண்டார்கள். 1881 இல் வீரசோழியமும், 1883 இல் இறையனாரகப்பொருளும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887 இற் கலித்தொகையும் அச்சுவாகனம் ஏறின. இலக்கண விளக்கமும் சூளாமணியும் வெளிவந்த 1889 ஆம் ஆண்டு, அவர்கள் நீதிபதியாய் இருந்த காலம். பகலிலே வழக்கும் இரவிலே ஏடும் என, ஒருவர் இருவராய் உழைத்த காலம் அது. செல்லரித்து, தொட்டால் ஒடியும் நிலையிலிருந்த சுவடிகளை ஊரூராய்த் தேடுவித்து, தம் கைப்பொருளையும் செலவிட்டார்கள். உத்தியோகம் அவர்களுக்குச் சோறிட்டது. அவர்களோ அச்சோற்றிற் பங்கு பிரித்து ஏட்டுக்கு இட்டார்கள்.

குறையும் உண்டு. பொருளதிகாரவுரை முழுவதையும் நச்சினார்க்கினியருடையதென்றே அவர்கள் வெளியிட்டார்கள். இறுதி நான்கியல்களின் உரை பேராசிரியருடையதெனப் பின்வந்த அறிஞர் நிறுவினர். கீழ்மன்றத் தீர்ப்பு மேன்மன்றத்திலே திருத்தப்படுதல் போன்றது இஃது. அந்த நூல் அச்சேறாதிருந்தாற் பின்னோர் திருத்துதற்கு யாதிருந்திருக்கும்?

இக்காலத்தே உயர்தர வகுப்பு மாணவரை நோக்குமிடத்து, மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டையன்றி வேறு வழியில்லை என்பார்போலப் பெற்றோர் பலர் நடத்தல் காண்கின்றேன். தமிழிலும் வரலாற்றிலும் உள்ளம் தோய்ந்த பிள்ளைகள், தாம் எதற்கும் உதவாதவர் என்று தலைகுனிந்து இருத்தலையும் வகுப்பறையிலே கண்டிருக்கின்றேன். பெற்றோர்க்கு யான் கூறுவது ஒன்று: பிள்ளை எத்தொழிலால் உண்பான் என்று கேட்குமுன், எத்திறத்தான் அவன் என்று நோக்குமின். பிள்ளைகட்குக் கூறுவதும் ஒன்றுண்டு: விரும்பிய தொழில் கைகூடாவிடத்து இயல்பைக் கொன்றுவிடாதீர், கிடைத்த தொழிலிலே அதற்கு ஓரிடம் தேடுங்கள், அங்கும் இடமில்லையேல் மாலைப்பொழுதையாவது அதற்கென வையுங்கள்.

பிள்ளையவர்கள் 1895 இல் ராவ்பகதூர்ப் பட்டம் பெற்று, 1901 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி உலகு நீத்தார்கள். அவர்கள் எழுதிய தீர்ப்புகளையும் ஆய்ந்த கணக்குகளையும் இன்று தேடுவாரிலர். கலித்தொகையை யான் மாணவர்க்கு விரிக்குந்தோறும், அதனை முதன்முதல் அச்சிற் கண்டவர் நம் சிறுப்பிட்டியார் என்று சொல்லியே தொடங்குகின்றேன்.