ஒரு கை போதும்: நில்ஸ் போலின்

காரில் ஏறி உட்கார்ந்ததும் தோள் பக்கம் தொங்கும் பட்டையை இழுத்து இடுப்போரம் 'கிளிக்' என்று மாட்டுகிறீர்கள். மாட்டுறீங்க தானே? அந்தப் பட்டை எந்த வழியாக இறங்கணும், அந்த 'கிளிக்' எந்த இடத்தில் கேட்கணும் என்று முடிவு பண்ணியவர் நில்ஸ் போலின், ஸ்வீடன்காரர். கார் பாதுகாப்பு பற்றிப் பேச்சு வந்தால் இவர் பெயர் வராமல் இருக்காது. ஆனால் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: மூன்று முனை சீட் பெல்ட்டைக் கண்டுபிடித்தார், வோல்வோ அதை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது, சுபம். அந்த ஒரு வரிக்குள்ளே ஒளிஞ்சிருக்கும் இன்ஜினியரிங்தான் நமக்கு வேணும்.

போலின் 1920 ஜூலை 17 அன்று ஹார்னோசாண்ட் என்ற ஊரில் பிறந்தார். 1939இல் அதே ஊரில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிப்பை முடித்தார். 1942இல் சாப் விமான நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவர் கைக்கு வந்த வேலை எஜெக்ஷன் சீட். விமானம் கைவிட்டுப் போகும்போது விமானியை இருக்கையோடு சேர்த்து வெளியே தூக்கி எறிகிற இருக்கை. சாப் நிறுவனத்துக்கு இந்தக் கவலை சீக்கிரமே வந்துவிட்டது. அவர்களுடைய சாப் 21 விமானத்தில் ப்ரொப்பெல்லர் விமானிக்குப் பின்னால் இருந்தது. அவசரத்தில் சும்மா எகிறிக் குதித்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசிச்சுக்கோங்க.

இந்த வேலையில் இருந்தவருக்கு ஒரு விஷயம் பழகிப் போயிருக்கும். மனித உடம்பு எவ்வளவு முடுக்கத்தைத் தாங்கும் என்பதைவிட, அந்த விசை உடம்பில் எங்கே இறங்குகிறது என்பதுதான் பெரிய கேள்வி. எலும்பில் இறங்கினால் தாங்கும், வயிற்றில் இறங்கினால் தாங்காது. எஜெக்ஷன் சீட் ஓர் ஆளைத் திடீரென்று கிளப்புகிறது, கார் மோதல் ஓர் ஆளைத் திடீரென்று நிறுத்துகிறது. உடம்புக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான்.

1958இல் வோல்வோ அவரைப் பாதுகாப்புப் பொறியாளராக எடுத்துக்கொண்டது. அப்போது நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் குன்னார் எங்கெல்லாவ். அவருடைய உறவினர் ஒருவர் கார் விபத்தில் இறந்திருந்தார். அதனால் இந்த வேலை அவருக்கு வெறும் கம்பெனி விவகாரமாக இருக்கவில்லை.

சீட் பெல்ட் என்பதே அதற்கு முன்னால் இல்லை என்று நினைக்காதீங்க. இருந்தது. இடுப்பை மட்டும் சுற்றும் பட்டை ஒன்று. மோதினால் மேல் உடம்பு மடங்கித் தலை முன்னால் போய் இடிக்கும், பட்டை வயிற்றை அழுத்தும். தோளிலிருந்து குறுக்கே போகும் பட்டை இன்னொன்று. இடுப்பைப் பிடிக்க அதில் எதுவும் இல்லை, போதாக்குறைக்கு அதன் பக்கிள் விலா எலும்புகளுக்கு நேரே இருந்தது. காப்பாற்ற வேண்டிய இரும்புத் துண்டே உள்ளுறுப்புகளைக் குத்தியது. அமெரிக்காவில் ரோஜர் கிரிஸ்வோல்டும் ஹ்யூ டிஹேவனும் மூன்று முனைப் பெல்ட் ஒன்றுக்கு 1955இலேயே காப்புரிமை வாங்கியிருந்தார்கள். அதிலும் பட்டைகள் சேரும் இடம் உடம்புக்கு முன்பக்கம்தான். ஆக, மூன்று முனை என்ற எண்ணிக்கை போலினுடையது அல்ல. அவருடைய பங்கு, முடிச்சு எங்கே விழணும் என்பது.

போலின் அந்த முடிச்சை இருக்கையின் பக்கவாட்டில், இடுப்புக்குக் கீழே இறக்கினார். தோள் பட்டையும் இடுப்புப் பட்டையும் தரையை நோக்கிய ஒரு 'V' வடிவமாக அங்கே சேரும். தோள் பட்டை நெஞ்செலும்பு மேலே, இடுப்புப் பட்டை இடுப்பெலும்பு மேலே. முடிச்சு தாழ்வாக இருப்பதால் விசை வரும்போது பட்டை மேலே ஏறி வயிற்றுக்குப் போகாது. பக்கிள் உடம்பின் மேல் இல்லை, உடம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேட்டால் இவ்வளவுதானா என்று தோணும். வரைபடத்தைப் பார்த்தாலும் அப்படித்தான் தோணும். 3,043,625 என்ற எண்ணுள்ள அமெரிக்கக் காப்புரிமையைத் தேடிப் படிச்சுப் பாருங்க. 1962 ஜூலை 10 அன்று கொடுத்தது. நம்ம முதல் வருஷ டிராயிங் தெரிந்தாலே புரியும்.

இன்னொரு பாதி பிரச்சினை மெக்கானிக்ஸில் இல்லை, மனுஷங்ககிட்ட இருந்தது. விமானி உயிர் பிழைக்க எத்தனை வார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்வார். கடைக்குப் பால் வாங்கப் போகிறவர் மாட்ட மாட்டார். சங்கடமாக இருந்தால் ஒரு நிமிஷம்கூடப் பொறுக்க மாட்டார். அதனால் ஒரே அசைவு, ஒரே கை என்று போலின் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார். ரெண்டு கை தேவைப்படும் பெல்ட் எவ்வளவு பலமாக இருந்தாலும் மாட்டப்படாத பெல்ட்தான்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 50 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு சுமார் 13.9 மீட்டர். பெல்ட் போட்ட 70 கிலோ ஆள், காரின் முன்பகுதி நசுங்குவதோடு சேர்ந்து அரை மீட்டர் தூரத்தில் நிற்கிறார் என்று வைங்க. முடுக்கம் ஏறக்குறைய 20g, விசை சுமார் 13.5 கிலோ நியூட்டன். பெல்ட் இல்லாத ஆள் அதே வேகத்தில் போய் டாஷ்போர்டில் 5 செ.மீ.க்குள் நின்றால் 200g. இப்போது பக்கிளைப் பாருங்க. ஒரு டன்னுக்கு மேல் இழுவை வந்தால் விடக்கூடாது. அது முடிந்த அடுத்த நொடி, ஒரு கட்டைவிரல் அழுத்தினால் விட்டுவிடணும். ரெண்டையும் அந்த உள்ளங்கை அளவு பெட்டிதான் செய்யணும்.

போலினின் பெல்ட் போட்ட முதல் கார் 1959 ஆகஸ்ட் 13 அன்று கிறிஸ்தியான்ஸ்டாட் நகர டீலரிடம் போய்ச் சேர்ந்தது. அது ஒரு பி.வி. 544. அமேசான் மாடலிலும் அது வந்தது. காப்புரிமையை வோல்வோ மற்ற கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டது. ஆனால் கொடுத்த உடனே உலகம் வாங்கிக்கொள்ளவில்லை. 1967இல் போலின் அமெரிக்காவில் ஸ்டாப் மாநாட்டில் ஓர் ஆய்வை வைத்தார். ஸ்வீடனில் வோல்வோ கார்கள் சிக்கிய 28,000 விபத்துகளின் கணக்கு அது. பெல்ட் போடாதவர்கள் மிகக் குறைந்த வேகத்திலும் இறந்திருந்தார்கள். பெல்ட் போட்டவர்களில் மணிக்கு 60 மைலுக்குக் கீழே, அதாவது சுமார் 96 கி.மீ.க்குக் கீழே, ஒருவர்கூட இறக்கவில்லை. என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையில் காப்புரிமையைவிடப் பெரிய வேலை இதுதான். வடிவமைத்தவரே உட்கார்ந்து, தன் பொருள் வேலை செய்ததா என்று ஆயிரக்கணக்கில் எண்ணிப் பார்த்திருக்கிறார்.

அந்தக் காலத்துக் கார்களைப் புதுப்பித்து ஓட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய பட்டன் பக்கிளை நீங்கள் திறக்க நேர்ந்தால், போலின் மண்டையைக் குடைந்த விஷயம் உள்ளே அப்படியே தெரியும். மூடியைக் கழற்றினால் அழுத்தி வெட்டிய எஃகுச் சட்டம், அதில் ஆடும் ஒரு தாழ், தாழைத் தள்ளும் ஸ்பிரிங், பட்டன், நாக்கை வெளியே தள்ளும் இன்னொரு ஸ்பிரிங். முதலில் போட்டோ எடுங்க, அப்புறம் கழற்றுங்க. ஸ்பிரிங்குகள் பறந்து போகும்.

விசை எந்த வழியாகப் போகிறது என்று விரலால் தொட்டுப் பாருங்க. நாக்கிலிருந்து தாழின் விளிம்பு, அங்கிருந்து சட்டம், அங்கிருந்து தரையில் இறங்கும் போல்ட். அது பெரும்பாலும் 7/16 அங்குல போல்ட்டாக இருக்கும். ஸ்பிரிங் அந்த வழியிலேயே இல்லை. அது தாழை இடத்தில் உட்கார வைக்கிறது, அவ்வளவுதான். அதனால் பழைய பக்கிளில் பயப்பட வேண்டியது பலவீனமான ஸ்பிரிங்குக்கு மட்டும் இல்லை. ஐம்பது வருஷத் தூசி, முடி, காய்ந்த குளிர்பானம் எல்லாம் சேர்ந்து தாழை முழுசா இறங்க விடாமல் செய்யும். 'கிளிக்' கேட்கும், பாதிதான் பிடித்திருக்கும். நாக்கைத் தள்ளும் அந்தச் சின்ன ஸ்பிரிங் இருப்பதே இதற்காக: சரியாக மாட்டாத நாக்கு உள்ளே தங்கக்கூடாது. திரும்பப் பூட்டியபின் அந்த ஸ்பிரிங் மேஜையில் மிச்சமிருந்தால், பக்கிள் வேலை செய்வது போலவே தெரியும்.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காய வைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். எண்ணெய் விடாதீங்க, அது மறுபடி தூசியைப் பிடிக்கும். மூடிக்கும் பட்டனுக்கும் குரோம் பூசிப் பளபளப்பாக்கலாம். தாழையும் நாக்கையும் குரோம் கடைக்கு அனுப்பவே கூடாது. அமிலத்தில் ஊற வைத்து மின்முலாம் பூசும்போது கடினப்படுத்திய எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்துவிடும். மெட்டலர்ஜி வகுப்பில் ஹைட்ரஜன் நொறுங்குத்தன்மை என்று படிக்கிறோமே, அதுதான். அன்றைக்கு உடையாது. பளபளவென்று இருக்கும், பிறகு ஒரு நாள் சுமை வரும்போது வெளியே தெரியாமல் விரிசல் விட்ட எஃகு போய்விடும். வெல்டிங், வளைத்து நேராக்குதல், சூடாக்குதல் எதுவும் அந்த வழியில் வேண்டாம். தாழின் விளிம்பு தேய்ந்து உருண்டிருந்தால் அந்தப் பக்கிள் கண்ணாடி அலமாரிக்குப் போகட்டும். வெயிலில் வெளுத்த நைலான் பட்டையும் அதே கதைதான். காரை நிஜமாக ஓட்டுவதாக இருந்தால் பட்டையைப் புதிதாக மாற்றியே ஆகணும்.

பக்கிளை ஏமாற்றுவதற்கென்றே நம்ம ஊரில் ஒரு பொருள் விற்றது தெரியுமா? பட்டை இல்லாத வெறும் நாக்கு. மாட்டினால் காரின் எச்சரிக்கை மணி நின்றுவிடும். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் விற்பனைத் தளங்களை அதை எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. ஒரு நிமிஷச் சங்கடத்தைக்கூடப் பொறுக்காத மனுஷன் பற்றி போலின் போட்ட கணக்கு இன்னும் மாறவில்லை.

ஸ்வீடனில் முன்சீட்டில் பெல்ட் போடுவது 1975இல்தான் கட்டாயமானது, அவருடைய பெல்ட் வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் கழித்து. இடையில் 1969இல் வோல்வோவின் மத்திய ஆராய்ச்சிப் பிரிவுக்குத் தலைவரானார். 1985இல் ஓய்வு பெற்றார். அதே வருஷம் ஜெர்மன் காப்புரிமை அலுவலகம், நூறு வருஷத்தில் மனிதர்களுக்கு அதிகம் பயன்பட்ட எட்டுக் காப்புரிமைகளில் ஒன்றாக அவருடையதைச் சேர்த்தது. 2002இல் அமெரிக்கா தன் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தது. அந்த வருஷம் செப்டம்பர் 21 அன்று, 82 வயதில், ஸ்வீடனில் மாரடைப்பால் இறந்தார்.